முதல் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முறையாக எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கப்போகும் நண்பர்களும் உறவினர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் இவை. சில, வாங்குவதற்கு முன் நிதானமாகக் கேட்கப்பட்டவை. சில, டிரைவ் கீழே விழுந்த பிறகோ திறக்க மறுத்த பிறகோ, இரவு பத்து மணிக்கு மேல் பதறிப்போய் வந்தவை. பதறி வரும்போது என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு. அதனால்தான் முன்கூட்டியே கேட்க வேண்டியவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

என் படங்கள் எல்லாம் இணையச் சேமிப்பில் இருக்கின்றன. தனியாக ஒரு டிரைவ் எதற்கு?

அந்தச் சேமிப்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் போன்றவை கைபேசியில் இருப்பதையும் சர்வரில் இருப்பதையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளப் பார்ப்பவை. இந்தப் பக்கம் ஒரு படத்தை அழித்தால் அந்தப் பக்கமும் அது போய்விடும். குப்பைத் தொட்டியில் சில வாரங்கள் கிடக்கும். கெடு முடிந்ததும் அங்கிருந்தும் மறைந்துவிடும். கணக்கு முடக்கப்பட்டாலோ, கடவுச்சொல் வேறொருவர் கையில் சிக்கினாலோ, அத்தனையும் ஒரே நாளில் கைக்கு எட்டாமல் போகும்.

வேகமும் ஒரு பிரச்சினை. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 500 ஜிபியை மேலேற்ற, இடைவிடாமல் ஓடினாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். டிரைவில் அதே வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இணையச் சேமிப்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதுவும் இருக்கட்டும், மேசை இழுப்பறையில் ஒரு டிரைவும் இருக்கட்டும்.

ஹார்ட் டிஸ்க் வாங்குவதா, எஸ்.எஸ்.டி. வாங்குவதா?

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் நீங்களே முடிவெடுத்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சு பூசிய வட்டத் தட்டுகள் இருக்கின்றன. கையடக்க டிரைவ்களில் இவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கின்றன. தட்டின் விட்டம் ஏறக்குறைய 65 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதன் விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தின் மேல், தரவைப் படித்து எழுதும் முனை தட்டைத் தொடாமல் காற்றில் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று எண்ணிப்பாருங்கள். ஓடும் நிலையில் டிரைவ் கீழே விழுந்தால் அந்த முனை தட்டில் மோதிக் கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்த தரவு திரும்பி வராது.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. சில்லுகளில் மின்னூட்டமாகத் தரவு பதிகிறது. மேசையிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வேகமும் அதிகம்: கையடக்க ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 140 எம்பி வரை எழுதும் என்றால், சாதாரண எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. 500 எம்பி அளவுக்கும் சற்று உயர்ந்த வகை 1000 எம்பி அளவுக்கும் எட்டும்.

அப்படியென்றால் எஸ்.எஸ்.டி.தானே நல்லது என்று தோன்றும். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒரே அளவு இடத்துக்கு அதன் விலை அதிகம். மற்றொன்று பலருக்குத் தெரியாது: மின்சாரமே இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் சில்லுகளில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதி எழுதி ஆயுள் தீர்ந்த நிலையில் உள்ள ஓர் எஸ்.எஸ்.டி., 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு காலம் தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு சாதாரணப் பயனர்களுக்கான வகைக்கு வைத்திருக்கும் அளவுகோல். புதிய டிரைவ் அதைவிடப் பல மடங்கு தாங்கும் என்றாலும், எழுதி முடித்து அலமாரியில் போட்டுப் பத்தாண்டு மறந்துவிட ஏற்ற பொருள் அது அன்று.

என் தீர்ப்பு இதுதான். தினமும் பையில் கொண்டுபோகப் போகிறீர்கள், அதிலிருந்தே வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். வீட்டில் ஒரே இடத்தில் இருந்து, வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ நகல் எடுக்க மட்டும் வெளியே வரும் என்றால் ஹார்ட் டிஸ்க். முதல் டிரைவ் வாங்கும் பெரும்பாலோருக்கு இரண்டாவது தேவைதான் இருக்கிறது.

எவ்வளவு கொள்ளளவு எடுக்கலாம்?

இப்போது கணினியிலும் கைபேசியிலும் நிறைந்திருக்கும் இடத்தைக் கூட்டிப்பாருங்கள். அதைப்போல் இரு மடங்கு எடுத்தால் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை. அதிகம் வீடியோ எடுப்பவர் என்றால் மூன்று மடங்கு. கைபேசியில் 4கே தரத்தில் ஒரு நிமிடம் எடுத்தாலே, அமைப்பைப் பொறுத்து, 170 முதல் 400 எம்பி வரை பிடித்துக்கொள்ளும். 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் மொத்தம் 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதை நிரப்பிவிடும்.

தேவைக்கு மிக அதிகமாக வாங்கவும் வேண்டாம். ஒரு பெரிய டிரைவுக்குச் செலவழிக்கும் பணத்தில் இரண்டு நடுத்தர டிரைவ் கிடைக்கும் என்றால் நான் எப்போதும் இரண்டையே வாங்குவேன். காரணம் பின்னால் வருகிறது.

1 டிபி டிரைவ் வாங்கினேன். கணினி 931 ஜிபி என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் அதையே 1024ஆல் மூன்று முறை வகுத்து ஜிபி என்று காட்டுகிறது, விடை 931. மேக் கணினியில் அதே டிரைவ் 1 டிபி என்றே தெரியும். இடம் எங்கும் போகவில்லை, அளவுகோல்தான் வேறு.

யு.எஸ்.பி. 3.0, 3.1, 3.2, ஜென் 1, ஜென் 2 என்று என்னென்னவோ போட்டிருக்கிறதே?

இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு வாங்குபவர் எந்த வகையிலும் பொறுப்பில்லை. 2008இல் யு.எஸ்.பி. 3.0 என்று வந்த அதே நுட்பம் பிறகு 3.1 ஜென் 1 என்றும், அதற்கும் பிறகு 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றப்பட்டது. மூன்றும் நொடிக்கு 5 ஜிகாபிட்தான். ஹார்ட் டிஸ்க்குக்கு இதுவே போதும். அதைத் தாண்டிய எண்கள் எஸ்.எஸ்.டி. வாங்குபவர்களுக்கு மட்டுமே பயன்படும். கவனிக்க வேண்டியது வேறு: உங்கள் கணினியின் போர்ட் பழைய யு.எஸ்.பி. 2.0 என்றால், எந்த டிரைவைச் செருகினாலும் நொடிக்கு 30, 40 எம்பிக்கு மேல் நகராது. பல கணினிகளில் 3.0 போர்ட்டின் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும்.

கேபிள் முனையையும் பார்த்து வாங்குங்கள். பல ஹார்ட் டிஸ்க்குகளில் இன்னும் மைக்ரோ-பி என்ற தட்டையான முனைதான் வருகிறது. ஒரு அகலமான பகுதியும் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு சிறிய பகுதியும் சேர்ந்த வடிவம். எனக்கு வந்த பழுதுகளில் கணிசமானவை இந்த இடத்தில்தான். நாளடைவில் முனை லேசாக ஆடத் தொடங்கும். மேசையைத் தட்டினாலே டிரைவ் துண்டித்து மீண்டும் இணையும். டிரைவ் போய்விட்டது என்று கொண்டுவருவார்கள். வேறு கேபிள் போட்டதும் ஓடும். அதனால் டிரைவில் பழுது என்று முடிவுகட்டும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள், வேறு போர்ட்டிலும் செருகிப் பாருங்கள். டைப்-சி முனை உள்ள டிரைவ் கிடைத்தால் அதையே எடுங்கள்.

சிறியது நல்லதா, தனி மின்சார அடாப்டருடன் வரும் பெரியது நல்லதா?

சிறியது 2.5 அங்குல வகை, யு.எஸ்.பி. கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பெரியது 3.5 அங்குல வகை. சுவர் பிளக் வேண்டும், ஆனால் மிக அதிகக் கொள்ளளவில் கிடைக்கும். முதல் டிரைவுக்குச் சிறியதே போதும்.

எந்த நிறுவனத்தின் டிரைவ் வாங்கலாம்?

சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை இந்த மூன்றும்தான். வேறு பெயர் ஒட்டிய பெட்டியை வாங்கினாலும் உள்ளே சுழல்வது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இவற்றில் எது உயர்ந்தது என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். அந்த நேரத்தில் இரண்டாவது நகல் எடுத்துவிடலாம். எல்லா நிறுவனத்தின் டிரைவும் ஒரு நாள் நின்றுபோகும்.

உத்தரவாத அட்டையை ஒரு முறை படியுங்கள். டிரைவ் கெட்டால் புது டிரைவ் தருவார்கள். அதில் இருந்த படங்களுக்கு அவர்கள் பொறுப்பில்லை.

நம்ப முடியாத விலையில் 16 டிபி எஸ்.எஸ்.டி. விற்கிறார்களே?

நம்பாதீர்கள். உள்ளே 64 ஜிபி போன்ற சிறிய மெமரியை வைத்து, கணினியிடம் 16 டிபி என்று பொய் சொல்லும்படி மென்பொருளை மாற்றியிருப்பார்கள். முதல் சில நாட்கள் எல்லாம் சரியாக இருக்கும். உண்மையான இடம் நிறைந்ததும் பழைய கோப்புகளின் மேலேயே புதியவை எழுதப்படும், அல்லது எழுதியவை காணாமல் போகும். பட்டியலில் கோப்பின் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. பணம் போனதைவிட, நகல் இருக்கிறது என்று நம்பி மூலத்தை அழித்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

படங்களை ஏற்றிவிடாதீர்கள். காலி டிரைவை ஓர் இரவு முழுவதும் சோதித்துப் பாருங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக், லினக்ஸ் கணினிகளில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவை டிரைவ் முழுவதையும் எழுதி நிரப்பி, எழுதியதை மீண்டும் படித்துச் சரிபார்க்கும். போலி டிரைவ் இங்கேயே சிக்கிவிடும். பயணத்தில் அடிபட்டு வந்த நல்ல டிரைவும் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

ஒரு காகிதத் துண்டில் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி டிரைவின் அடியில் ஒட்டிவிடுங்கள். இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மூன்று கறுப்பு டிரைவ்கள் ஒரே இழுப்பறையில் சேர்ந்த பிறகு, எது பழையது என்று அந்தச் சீட்டு மட்டுமே சொல்லும்.

எந்த முறையில் ஃபார்மேட் செய்வது?

ஃபார்மேட் என்பது, டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையை அமைப்பது. விண்டோஸ் மட்டும் என்றால் என்.டி.எஃப்.எஸ். முறை போதும். மேக் மட்டும் என்றால் ஏ.பி.எஃப்.எஸ். முறை. இரண்டிலும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் எக்ஸ்ஃபேட். பழைய ஃபேட்32 வேண்டாம். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

எக்ஸ்ஃபேட் எல்லா இடத்திலும் ஓடும் என்பதால் பலரும் யோசிக்காமல் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் ஒரு குறை உண்டு. என்.டி.எஃப்.எஸ். முறை, தான் செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் செய்யும். நடுவில் மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சீராக்கிக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு இல்லை. எழுதும்போது கேபிளைப் பிடுங்கினால் கோப்புறையே சிதைந்துபோகலாம். ஆகவே உண்மையிலேயே இரண்டு வகைக் கணினிகளும் இருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள். மேக் கணினி, என்.டி.எஃப்.எஸ். டிரைவைப் படிக்கும், ஆனால் கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது.

ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். புது டிரைவில் இழக்க ஒன்றுமில்லை, அப்போதே முடிவுசெய்துவிடுவது நல்லது.

‘எஜெக்ட்’ செய்யாமல் கேபிளைப் பிடுங்கினால் என்ன? நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

இதுவரை தப்பித்திருக்கிறீர்கள். திரையில் நகல் முடிந்தது என்று தெரிந்தாலும், கடைசிச் சில தரவுகள் கணினியின் நினைவகத்திலேயே காத்திருக்கலாம். எஜெக்ட் கொடுக்கும்போதுதான் கணினி மிச்சத்தையும் எழுதி முடித்துக் கணக்கை மூடுகிறது. 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றிலிருந்து, உடனே பிடுங்கினாலும் பாதிப்பு குறையும்படி இயல்பமைப்பை மாற்றியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் இன்னொரு காரணம் இருக்கிறது. எஜெக்ட் கொடுத்துவிட்டு டிரைவின் மேல் விரலை வையுங்கள். மெல்லிய அதிர்வு சில நொடிகளில் அடங்குவது விரலுக்குத் தெரியும். முனை தன் இருப்பிடத்துக்குத் திரும்பி, தட்டு நின்றுவிட்டது என்று பொருள். அதன் பிறகு எடுங்கள். நின்ற நிலையில் ஹார்ட் டிஸ்க் தாங்கும் அதிர்ச்சி, ஓடும் நிலையில் தாங்குவதைவிடப் பொதுவாக இரு மடங்குக்கும் அதிகம்.

கணினியில் இடமில்லை. எல்லாவற்றையும் டிரைவுக்கு மாற்றிவிட்டுக் கணினியில் அழித்துவிடலாமா?

என்னிடம் வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். அழித்தால் உங்களிடம் மீண்டும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். முன்பு கணினியில் இருந்தது, இப்போது அதைவிட எளிதாகக் கீழே விழக்கூடிய ஒரு பெட்டியில் இருக்கிறது. பெட்டியின் மேல் பேக்கப் என்று அச்சிட்டிருந்தாலும், அது பேக்கப் ஆகாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ஒரு நூலுக்காக, ஈய எழுத்துகளைக் கையால் கோத்த பழைய அச்சகத் தொழிலாளர்களைச் சந்தித்து 37 நேர்காணல்களை ஒலிப்பதிவு செய்திருந்தேன். கணினியில் இடம் நிறைந்ததும் எல்லாவற்றையும் ஒரு டிரைவுக்கு மாற்றிவிட்டு மூலங்களை அழித்தேன். ஒரு மாலை, கட்டிலின் ஓரத்தில் மடிக்கணினியை வைத்து, அதன் பக்கத்தில் டிரைவை வைத்து, ஏதோ ஒரு கோப்பை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. எழுந்தபோது கேபிள் காலில் சிக்கியது. முழங்கால் உயரத்திலிருந்துதான் விழுந்தது. பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. மீண்டும் செருகியபோது சுழலும் ஓசை வந்தது, நடுவே டக் என்று ஒரு சத்தம், மறுபடி சுழற்சி, மறுபடி டக்.

தரவு மீட்பவர்களிடம் கொடுத்ததில் 29 பதிவுகள் திரும்பின. வராத எட்டில் ஒன்று, ஒரு முதியவர் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோல் மேல் அடுக்கும் ஓசையை எனக்காகவே நிகழ்த்திக் காட்டியது. பார்க்காமலே அந்தந்த அறைக்கு எப்படிக் கை போகிறது என்று சொல்லிக்கொண்டே அடுக்கினார். அந்த ஓசையை எழுத்தில் விவரிக்க நான் பல முறை முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 விதி எளிமையானது: எதற்கும் மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். முதல் நாளே மூன்றும் முடியாது என்றால் இரண்டோடு தொடங்குங்கள். கணினியில் இடமில்லை என்றால் இரண்டு டிரைவ் வாங்குங்கள். ஒன்றில் எழுதியதை மற்றொன்றிலும் எழுதி, அதை நெருங்கிய உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள். முன்னே இரண்டு நடுத்தர டிரைவ் என்று சொன்னது இதற்காகத்தான். தீயோ வெள்ளமோ திருட்டோ வந்தால் ஒரே அலமாரியில் உள்ள இரண்டு டிரைவும் சேர்ந்தே போகும்.

நகல் எடுப்பதைக் கையால் செய்வதா, மென்பொருளிடம் விடுவதா?

மென்பொருளிடம் விடுங்கள். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின், இரண்டும் கணினியோடே வருகின்றன. மாறிய கோப்புகளை மட்டும் எடுக்கும், பழைய வடிவத்தையும் வைத்திருக்கும். கையால் செய்தால் மூன்றாவது மாதம் மறந்துபோவீர்கள். ஆனால் மாதம் ஒரு முறை, எடுத்த நகலிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஒரு படம், ஒரு வீடியோவின் நடுப்பகுதி, ஒரு பழைய ஆவணம். திறந்து பார்க்காத நகலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிரைவை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருக்கலாமா?

வேலைக்கான டிரைவ் என்றால் வேறு வழியில்லை. பேக்கப் டிரைவ் என்றால் வேண்டாம். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை போன்ற பணயத் தீநிரல்கள், பணம் கேட்பதற்காகக் கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டும்போது அதில் செருகியிருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும். இடியோடு கூடிய மின்னழுத்தப் பாய்ச்சலும் அப்படித்தான், கேபிள் வழியாக இரண்டையும் தாக்கும். நகல் எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள்.

எங்கே வைப்பது? வெயில், ஈரம், காந்தம் இவற்றால் பாதிப்பு உண்டா?

வெப்பம்தான் முதல் எதிரி. பல டிரைவ்கள், இயங்கும்போது 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கே வடிவமைக்கப்பட்டவை. ஓடும் டிரைவை மெத்தையிலோ தலையணையிலோ வைக்காதீர்கள். அடியில் காற்றுப் போகாது, கையில் எடுத்தால் சுடும். நிறுத்திய காரின் உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். குளிரூட்டப்பட்ட இடத்திலிருந்து புழுக்கமான இடத்துக்குக் கொண்டுவந்தால் உடனே செருகாமல் ஒரு மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரம் படியும். ஈரப்பதம் மிகுந்த இடம் என்றால் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

காந்தத்தைப் பற்றி அதிகம் பயப்படுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே, முனையை நகர்த்துவதற்காக, வலிமையான நியோடிமியம் காந்தங்கள் இருக்கின்றன. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் காந்தம் அதை ஒன்றும் செய்துவிடாது. விமான நிலைய எக்ஸ்ரேயும் பாதிக்காது.

மேசையில் வைத்தால் ஓரத்தில் வேண்டாம், செங்குத்தாக நிறுத்தவும் வேண்டாம். கேபிள் யார் காலிலும் படாத பக்கமாகப் போகட்டும்.

நகலெடுக்கும்போது தொடக்கத்தில் வேகமாக இருந்து, பிறகு ஆமை வேகமாகிவிடுகிறதே?

அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. இன்றைய கையடக்க ஹார்ட் டிஸ்க்குகளில் பல எஸ்.எம்.ஆர். என்ற முறையில் எழுதுகின்றன. கூரையில் ஒரு ஓட்டின் விளிம்பு மேல் அடுத்த ஓடு ஏறியிருப்பதுபோல், தரவு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்த வரிகளையும் மீண்டும் எழுத வேண்டும். நீண்ட நேரம் எழுதும்போது இந்தச் சுமை சேர்ந்து வேகத்தைக் குறைக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தாலும் வேகம் விழும். பொறுமையாக முடிக்க விடுங்கள். முன்பு வேகமாகத் திறந்த பழைய கோப்பு இப்போது திறக்கத் திணறுகிறது என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடவுச்சொல் போட்டுப் பூட்ட வேண்டுமா?

வெளியே கொண்டுபோகும் டிரைவ் என்றால் கட்டாயம். விண்டோஸின் பிட்லாக்கர், மேக்கில் டிரைவை என்கிரிப்ட் செய்யும் வசதி, வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் ஆகியவற்றில் ஒன்று போதும். பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி, டிரைவ் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் வையுங்கள். கடவுச்சொல்லும் சாவியும் தொலைந்தால் அந்தத் தரவை யாராலும் திறக்க முடியாது. வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் காகிதம் இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.

எத்தனை ஆண்டு உழைக்கும்? முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்குமா?

ஒரு டிரைவ் பத்தாண்டு ஓடும், அதே மாதம் வாங்கிய இன்னொன்று இரண்டாம் ஆண்டே நிற்கும். நான் ஐந்தாண்டு ஆனதும் டிரைவை முதன்மை நகலுக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுகிறேன். ஒட்டிய சீட்டு அப்போதுதான் உதவுகிறது.

எச்சரிக்கை சில வேளைகளில் கிடைக்கும். டிரைவ் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். அங்கே இரண்டு வரிகளை மட்டும் கவனியுங்கள்: கெட்டதால் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யமாக இருப்பதே நல்லது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எண் ஏறுகிறது என்றால் அன்றே எல்லாவற்றையும் வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். எச்சரிக்கையே தராமல் நிற்கும் டிரைவ்களும் உண்டு.

டக் டக் என்று சத்தம் வருகிறது. என்ன செய்வது?

உடனே கழற்றுங்கள். இன்னொரு முறை செருகிப் பார்ப்போம் என்ற ஆசையை அடக்குங்கள். முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஆடும் சத்தம் அது. ஒவ்வொரு சுழற்சியிலும் தட்டு மேலும் கீறப்படலாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் படிந்து மிச்சமும் போகும். பெட்டியைத் திறந்து பார்க்கவும் கூடாது. முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியோடு ஒப்பிட்டால் ஒரு தூசித் துகள் பெரும் பாறை. அதனால்தான் மீட்பவர்கள் தூசியற்ற சிறப்பு அறையில் திறக்கிறார்கள்.

இன்னொரு நகல் இருந்தால் இந்த டிரைவை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குங்கள். இல்லையென்றால், தொழில்முறைத் தரவு மீட்பு நிலையத்திடம் போவதைத் தவிர வழியில்லை. கட்டணம் புது டிரைவின் விலையைப் பல மடங்கு தாண்டும். மீட்பு மென்பொருள்களை இந்த நிலையில் ஓட்டாதீர்கள். அவை தவறுதலாக அழித்த கோப்புகளுக்கு உதவுபவை, உடைந்த பாகங்களுக்கு அன்று.

பழைய டிரைவை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

அழித்துவிட்டுக் கொடுக்கலாம். விரைவு ஃபார்மேட் செய்தால் பட்டியல் மட்டும்தான் அழியும், கோப்புகள் அப்படியே கிடக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் முழு ஃபார்மேட் செய்யுங்கள்; டிரைவ் முழுவதும் பூஜ்யத்தால் நிரப்பப்படும். 2 டிபிக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். எஸ்.எஸ்.டி. என்றால் இது நம்பகமானதில்லை, ஏனென்றால் கணினியின் கண்ணுக்குத் தெரியாத உபரிச் சில்லுப் பகுதிகளில் பழைய தரவு தங்கியிருக்கலாம். முதல் நாளிலிருந்தே கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால் அங்கே தங்குவதும் யாருக்கும் புரியாத குப்பையாகவே இருக்கும்.

எதையும் அழிக்கும் முன், புதிய டிரைவில் உள்ள நகலைத் திறந்து பாருங்கள். நான் புதியது ஓராண்டு பழுதில்லாமல் ஓடிய பிறகுதான் பழையதை அழிக்கிறேன். அதுவரை அது தேதிச் சீட்டோடு இழுப்பறையின் பின்பக்கத்தில் கிடக்கும்.